தட்டை யாருக்குச் சொந்தம்? உழாமல் மக்காச்சோளம் போடுவது பற்றி

கேள்வி இதுதான். கல்லல் பக்கம் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் செவக்காடு, ஒரு போர்வெல். புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளம் போடுகிறார். வெளிநாட்டு வேலையை விட்டு ஊருக்கு வந்த மகன், ஜாம்பியாவில் சிறு விவசாயிகள் உழாமலே குழி எடுத்து மக்காச்சோளம் விதைப்பதை வீடியோவில் பார்த்திருக்கிறார். நம்மூரிலும் செய்தால் என்ன என்று கேட்டதற்கு, "உழாம விதைக்கிறது சோம்பேறி வேலை" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். அவ்வளவு நல்ல முறை என்றால் ஆப்பிரிக்காவிலேயே பலர் சில வருஷத்தில் விட்டுவிடுவது ஏன், செட்டிநாட்டு மண்ணுக்கு இது சரிப்படுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

தம்பி, அப்பா சொன்னதில் 'சோம்பேறி வேலை' என்பது மட்டும் தப்பு. முதல் இரண்டு வருஷம் இதில் வேலை கூடத்தான் செய்யும். ஆனால் அவர் தயங்குவது சரி. எதற்குத் தயங்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்கிறார், அவ்வளவுதான். நான் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் வேளாண்மைத் துறையில் முப்பது வருஷம் காடு கரை சுற்றியவன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் காட்டில் ஐம்பது சென்ட்டை ஒதுக்கி ஐந்து பட்டம் இதைச் செய்து பார்த்தேன். அதில் இரண்டு பட்டம் தோல்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முறை என்ன என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்வோம். உழாமல் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. மண்ணைக் கிளறாமல் விதை விழும் இடத்தை மட்டும் திறப்பது ஒன்று. தரையை எப்போதும் மூடி வைப்பது, அதாவது நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பினாரே, அந்த மூடாக்கு, இரண்டாவது. விதைப்பு முடிந்த பிறகும் தரையில் குறைந்தது 30 சதவீதமாவது மூடியிருக்க வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாமல் பயறு வகையை மாற்றியோ ஊடே விட்டோ வருவது மூன்றாவது. பிரேசிலில் பரானா மாநிலத்து ரோலாந்தியாவில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, கொட்டுகிற மழையில் மேல்மண் ஓடுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் 1972இல் உழவை நிறுத்தினார். அங்கிருந்துதான் தென் அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஆனால் அவர்களெல்லாம் பெரிய பண்ணைக்காரர்கள். விதைக்கிற இயந்திரமும் களைக்கொல்லியும் கையில் இருந்தன.

இந்த மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. 63 நாடுகளில் 48 பயிர்களில் நடந்த 610 ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. உழாமல் விட்ட நிலங்களில் சராசரியாக மகசூல் குறைந்துதான் இருந்தது. மூன்றையும் சேர்த்துச் செய்த இடங்களில், அதுவும் மழையை நம்பிய வறண்ட பகுதிகளில் மட்டும், சுமார் 7 சதவீதம் கூடியது. நம்முடையது அந்த வறண்ட கணக்கில் வருகிற பூமிதான். ஆனால் "மூன்றும் சேர்ந்தால்" என்பதை யாரும் வீடியோவில் அழுத்திச் சொல்வதில்லை.

உழாமல் விதைப்பது நமக்குப் புதிதும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசிவிடுவார்கள். மெழுகு பதத்தில் இருக்கும் சேற்றில் விதை ஒட்டி, நெல் அறுக்கும்போது இரண்டு இலை விட்டிருக்கும். அப்புறம் பனியிலும் இருக்கிற ஈரத்திலும் காய்த்துவிடும். நெல் தரிசு உளுந்து என்பது முழுக்க உழவில்லா சாகுபடி, யாரும் அதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை. நம்ம பக்கமும் கண்மாய்ப் பாசன வயல்களில் தையில் ஈரம் மிச்சம் இருந்தால் இதைச் செய்கிறவர்கள் உண்டு. மக்காச்சோளத்துக்கே உதாரணம் வேண்டுமென்றால் ஆந்திராவில் குண்டூர், கிருஷ்ணா மாவட்டங்களைப் பார்க்கலாம். அங்கே நெல்லுக்குப் பிறகு போட்ட உளுந்து மஞ்சள் தேமல் நோயிலும் கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடியிலும் மாட்டிக்கொண்டது. சலித்துப்போன விவசாயிகள் நெல் அறுத்த தாளுக்கு நடுவே துளை போட்டு மக்காச்சோளத்தை ஊன்ற ஆரம்பித்தார்கள். ஒரு கஷ்டம் இருந்தது, அதற்கு இது மருந்தானது, எடுத்துக்கொண்டார்கள்.

ஜாம்பியா கதையும் அப்படித் தொடங்கியதுதான். அந்த வீடியோவில் வருகிற குழிகள் 90 செ.மீ. இடைவெளி வரிசையில், 70 செ.மீ.க்கு ஒன்று. நம் கணக்கில் ஏக்கருக்கு 6,400 குழி. மே முதல் அக்டோபர் வரை மழை இல்லாத வறண்ட காலத்தில் மண்வெட்டியால் இறுகிய தரையில் எடுத்து வைத்துவிடுவார்கள். நவம்பரில் மழை விழுந்ததும் அதே நாளில் விதைக்கலாம். இதன் அருமை எங்கே என்றால், அந்த நாட்டின் தெற்குப் பகுதியில் 1990களில் உண்ணிக் காய்ச்சலிலும் வறட்சியிலும் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. உழவு மாடு இல்லாத வீடு, மாடு வைத்திருப்பவர் தன் காட்டை உழுது முடித்துவிட்டு வரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் முதல் மழை போய்விடும். பிந்தி விதைத்த மக்காச்சோளம் பிந்திய அளவுக்கு மகசூலில் அடி வாங்கும். குழி எடுத்தவனுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. குழியின் பெரிய வரவு அந்த முந்தி விதைப்புதான் என்பது என் கணிப்பு.

நம்மூரில் புழுதி விதைப்பு நெல் இதே தந்திரம்தான். மழைக்கு முன்னால் விதையை மண்ணில் போட்டு வைப்பது. ஆனால் அதற்கு நாலைந்து உழவு ஓட்டிப் புழுதி கிளப்ப வேண்டும். "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று பழமொழியே வைத்திருக்கிறோம். அப்பா அந்தப் பழமொழியில் வளர்ந்தவர், அவரைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, அங்கே ஏன் விட்டார்கள்? திட்டம் வரும்போது விதையும் உரமும் கூப்பனும் வருகிறது, குழி எடுத்தால் கிடைக்கும் என்கிறார்கள், எடுக்கிறார்கள். திட்டம் போனதும் பழையபடி ஏர். இது ஜாம்பியா, ஜிம்பாப்வே இரண்டிலும் நடந்தது. ஜிம்பாப்வேயில் ஜனங்கள் இந்த முறைக்கு வைத்த பட்டப்பெயர் 'டிகா உஃபே'. 'தோண்டு, சாவு' என்று அர்த்தம். வேலைப் பளு எப்படி என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டாம். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென் கில்லரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2009இல் வெளிப்படையாகவே கேட்டார்கள்: தட்டை, அதாவது கதிர் ஒடித்த பிறகு மிஞ்சும் காய்ந்த தண்டு, மாட்டுக்கு வேண்டும், களை பெண்கள் தலையில் ஏறுகிறது, மகசூல் உடனே கூடவில்லை, இதை எல்லாச் சிறு விவசாயிக்கும் பொதுவாக எப்படிச் சிபாரிசு செய்கிறீர்கள் என்று. அந்தக் காலத்தில் அது பெரிய சலசலப்பு. எனக்கு அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் தேவகோட்டை ரோட்டில் நின்று கேட்டது போலவே இருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். எனக்கு ஐந்து பட்டத்தில் விளங்கியது, இங்கே இந்த முறை நிற்பதும் விழுவதும் கலப்பையால் முடிவாவதில்லை. கதிர் ஒடித்த பிறகு காட்டில் நிற்கும் தட்டை யாருக்குச் சொந்தம் என்பதில் முடிவாகிறது.

என் முதல் பட்டத்தைச் சொல்கிறேன். தையில் கதிர் ஒடித்தேன். தட்டையைச் சாய்த்து மிதித்துப் பரப்பி விட்டேன். ஐம்பது சென்ட்டும் பாய் விரித்தது மாதிரி இருந்தது, பார்க்கவே மனசு நிறைந்தது. மாசி கடைசியில் ஒருநாள் காலையில் போனால் நூற்றுச் சொச்சம் செம்மறி உள்ளே நிற்கிறது. மேய்த்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "அறுத்த காட்டுல மேய்க்கக் கூடாதுன்னு எந்த ஊருல ஐயா சொல்லியிருக்காங்க?"

அவர் கேட்டது நியாயம். அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் நடுவே நம் பக்கத்துக் காடு எல்லாருக்கும் பொது. பட்டா உங்கள் பேரில் இருக்கும், தட்டை ஆட்டுக்கு. இதில் ஒரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. அதே ஆட்டுக்காரர்தான் கோடையில் கிடை போடுகிறார். இரவில் ஆட்டை உங்கள் நிலத்தில் அடைத்துப் படுக்க வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து அந்த வருஷத்து அடியுரம் முடிந்தது. அந்த ஆட்டை உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டு அதே ஆளிடம் "வைகாசியில கிடை போட வாங்க" என்று எப்படிக் கேட்பது? ராமநாதபுரம், சிவகங்கைக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் வரை போய்த் திரும்புகிறவர்கள். அந்த ஏற்பாட்டுக்குள் மூடாக்குக்கு இடம் இல்லை. ஆப்பிரிக்காவிலும் அறுவடைக்குப் பின் ஊர் மாடு முழுக்க அவிழ்த்து விடப்படும். ஒருவர் மட்டும் தட்டையைக் காப்பாற்ற நினைத்தால் வேலி போட வேண்டும், வேலிச் செலவு மக்காச்சோளத்தில் திரும்பாது. பாடத்தில் எழுதியிருப்பதை நான் படித்ததுண்டு. அந்தக் காலையில்தான் எனக்கு உறைத்தது.

இது ஆட்டோடு முடிவதில்லை. மக்காச்சோளத் தட்டையை வெட்டி அடுக்கினால் கறவை மாட்டுக்குத் தீவனம். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்க்கிற வீட்டில் வைக்கோலும் தட்டையும் எவ்வளவு இருந்தாலும் போதாது. அதைத் தரையில் போட்டு மட்க விடுங்கள் என்று அவர்களிடம் சொன்னால், அரிசியைக் கொட்டி நடந்து போகச் சொன்னது மாதிரிப் பார்ப்பார்கள்.

இரண்டாம் பட்டம் புத்திசாலியாகி, கருவேல முள்ளை வெட்டி நாலு பக்கமும் அடைத்தேன். ஆடு வரவில்லை, கரையான் வந்தது. செவல் மண்ணில் காய்ந்த தட்டை கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். சித்திரையில் ஒரு தட்டையைத் தூக்கினேன். மேலே பழுப்புத் தோல் அப்படியே இருக்கிறது, உள்ளே மண் அடைத்துக் குழாயாகி விட்டது. கையில் வைத்து நசுக்கினால் பொடி. புரட்டாசி விதைப்பு வரைக்கும் தரையை மூடுகிற அளவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கரையான் தின்றதும் மண்ணுக்குத்தானே போகிறது என்று ஆறுதல் சொல்வார்கள். ஓரளவு உண்மை. அது குடைந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கும். ஆனால் ஐப்பசி மழை அடிக்கும்போது தரைக்குப் போர்வை இல்லையே.

குறைந்த மூடாக்கை ஈடுகட்ட அந்தப் பட்டத்தில் வைக்கோலும் தென்னை நார்க்கழிவும் வாங்கிப் போட்டேன். இருபதாம் நாள் பயிர் வெளிறி மஞ்சளடித்து நின்றது. வைக்கோல், தட்டை மாதிரிக் காய்ந்த சரக்கில் தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கச் செய்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். வழக்கமாக மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், மீதி 45ஆம் நாள் என்று பிரிப்போம். மூடாக்கு போட்ட காட்டில் முதல் இரண்டு மூன்று வருஷம் அடியுரத்தில் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். யூரியாவைத் தட்டைக்கு மேலே வீசக் கூடாது, நிறைய ஆவியாகிவிடும். தட்டையை விலக்கி மண்ணில் வைத்து மூட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் "இந்த முறையில பயிர் செத்துப் போகுது" என்று விட்டவர்கள் எத்தனை பேரோ.

அப்புறம் களை. ஏர் ஓட்டுவதற்குப் பாதிக் காரணம் களைதான், அதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. உழவை நிறுத்தினால் முதல் வருஷம் கோரை சிரிக்கும். மூடாக்கு கெட்டியாக இருக்கிற இடத்தில் களை அமுங்குகிறது, நானே பார்த்தேன். ஆனால் மேலே சொன்னபடி ஆடும் கரையானும் போக இரண்டு விரல் தடிமனுக்கு மூடாக்கு கிடைப்பதே அபூர்வம். மெல்லிய மூடாக்கு இரண்டும் கெட்டான். களையையும் தடுக்காது, பவர் வீடரையும் ஓட விடாது, கத்தியில் தட்டை சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அப்படியே ஓடினாலும் பவர் வீடர் ஓட்டுவது உழவுக்குச் சமம்தான். கடைசியில் கையால் எடுக்க வேண்டும். களையெடுப்பு நம்மூரிலும் ஆப்பிரிக்காவிலும் பெண்கள் வேலை. ஏர் ஓட்டுகிற ஆணுக்கு மிச்சமான நேரம் களை எடுக்கிற பெண்ணின் இடுப்புக்குப் போகிறது. இந்தப் பேச்சு வீட்டில் வரும்போது அம்மாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எங்கள் வீட்டில் நான் அதைச் செய்யவில்லை, முதல் வருஷம் ஐப்பசி முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால், கேட்கிற நாளில் ஆள் கிடைப்பதும் இப்போது சுலபமில்லை.

களைக்கொல்லி? மலாவியில் இது ஓரளவு நின்றதற்குக் காரணமே, வருஷா வருஷம் மண்வெட்டியால் பார் அணைக்கும் பெரிய வேலை இல்லாமல் போனதும், களைக்கொல்லி கையில் கிடைத்ததும்தான். நம்மூரில் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் 50 சதத் தூளை ஏக்கருக்கு 200 கிராம், விதைத்த மூன்றாம் நாள் ஈரத்தில் அடிப்பது வழக்கம். ஆனால் ஊடுபயிராக உளுந்தோ தட்டைப் பயறோ விட்டிருந்தால் அட்ரசின் ஆகாது, பயறு கருகும். பயறு ஊடே விடுவது இந்த முறையின் மூன்றாவது கால். அதாவது ஒரு காலை ஊன்றினால் இன்னொரு கால் இடறுகிறது. அந்த இடத்தில் பெண்டிமெத்தலின் அடிக்கலாம். விதைப்புக்கு முன்னால் நிற்கிற களையை மொத்தமாகக் கருக்கப் பலரும் கிளைபோசேட்டை நம்பினார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு, அதைப் பூச்சி ஒழிப்புத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மட்டும் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது. யாராவது கடையில் சாதாரணமாக எடுத்து நீட்டினாலும் அதை நம்பி ஒரு முறையைக் கட்டாதீர்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு நான் ஏன் ஐந்து பட்டம் விடாமல் செய்தேன்? தண்ணீருக்காக.

நம் செவல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை அடித்து வெயில் வந்தால் மேல்மண் ஓடு போல இறுகும். முளை முட்ட முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். அடுத்த மழை அதற்கு மேலே வழிந்து ஓடும். நான்காம் பட்டம் ஒரு சின்னச் சோதனை செய்தேன். பால் பவுடர் டின் இரண்டை அடியும் மூடியும் வெட்டி வளையமாக்கி, ஒன்றை மூடாக்குக் காட்டிலும் இன்னொன்றை வரப்புக்கு அந்தப் பக்கம் என் தம்பி உழுகிற காட்டிலும் நாலு விரல் ஆழம் அடித்து இறக்கினேன். ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர். மூடாக்குக் காட்டில் ஊற்றியது, நான் அந்தப் பக்கம் நடந்து போய் இரண்டாவது டின்னில் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் காணோம். உழுத காட்டில் ஊற்றியது மினுமினுவென்று நிற்கிறது. வெற்றிலை மடித்துப் போட்டு, சாறு இறங்கி, துப்பிய பிறகும் பாதி நின்றது. என் தம்பி ஒன்றும் சொல்லாமல் டின்னைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்து இன்னொரு சொம்பு ஊற்றினான். அங்கேயும் அதேதான்.

ஜாம்பியாவில் மோன்ஸே என்ற இடத்தில் 2005 முதல் பல வருஷம் நடத்திய சோதனைகளிலும் இதுவே முதலில் தெரிந்த மாற்றம்: தண்ணீர் இறங்குவது. மகசூல் வித்தியாசம் சில பருவம் கழித்துத்தான் வரும். எனக்கும் முதல் மூன்று பட்டம் மகசூலில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நான்காவதில் கார்த்திகையில் இருபது நாள் மழை காணாமல் போனபோது, பக்கத்துக் காட்டில் மதியம் இலை சுருண்டு குழலாக நிற்கையில் என் காட்டில் சாயங்காலம்தான் லேசாகச் சுருட்டியது. நீங்கள் போர்வெல் வைத்திருப்பதால் இந்த லாபம் உங்களுக்கு ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் மிச்சமாகத் தெரியும். மழையை மட்டும் நம்புகிறவருக்கு அது கதிர் பிடிக்குமா பிடிக்காதா என்கிற வித்தியாசம்.

இதில் அப்பாவோடு ராசியாகப் போக ஒரு வழி இருக்கிறது. ஏரை எடுத்ததும் நிறுத்த வேண்டாம், ரோட்டவேட்டரை முதலில் நிறுத்துங்கள். செவல் மண்ணை மாவாக அரைத்துவிட்டு, மழை அடித்ததும் ஓடாக இறுகுகிறதே என்று அழுவதில் அர்த்தமில்லை. வருஷக் கணக்கில் ஒன்பது கொத்துக் கலப்பை ஒரே ஆழத்தில் ஓடினால் கீழே ஒரு கெட்டித் தட்டு உண்டாகியிருக்கும். அதை உடைக்காமல் உழவை நிறுத்தினால் வேர் அதற்கு மேலேயே படுத்துக்கொள்ளும். அதனால் தொடங்குகிற வருஷம் உளிக்கலப்பையை அரை மீட்டருக்கு ஒரு சால் போட்டு ஓட்டுங்கள். "ஆழ உழு" என்பார் அப்பா, அதற்கு இது பதில். அதன் பிறகு நிறுத்தலாம். இதை நான் முதல் வருஷம் செய்யவில்லை, என் தோல்வியில் இதற்கும் பங்கு உண்டு.

படைப்புழு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். 2018இல் கர்நாடகத்தில் தலைகாட்டி அதே வருஷம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் கிடப்பதால் கோடை உழவு போட்டு வெயிலில் வாட்டுங்கள் என்று நாங்களே ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம். உழாதே என்பதற்கு நேர் எதிர். ஆனால் கிழக்கு ஜிம்பாப்வேயில் விவசாயிகள் காட்டில் கணக்கெடுத்து 2019இல் வெளியான ஆய்வில், உழவு குறைந்த காடுகளிலும் களை அடிக்கடி எடுத்த காடுகளிலும் படைப்புழுச் சேதம் குறைவாக இருந்தது, பூசணி ஊடுபயிர் இருந்த இடத்தில் கூடியது. கிளறாத தரையில் எறும்பும் சிலந்தியும் பெருகி முட்டையையும் சின்னப் புழுவையும் தின்பது காரணமாக இருக்கலாம். என் முடிவு, உழவை வைத்து இந்தப் புழுவை ஒழிக்கவும் முடியாது, உழாததால் அது பெருகிவிடவும் செய்யாது. மக்காச்சோளத்தின் மேலேயே மக்காச்சோளம் போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும். வாரம் இருமுறை குருத்தைப் பாருங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் ஊரில் இது ஏன் பரவாது என்பதைப் புரிந்துகொள்வதற்காக. நம் பக்கத்துக் காடுகளில் நிறைய, சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற செட்டியார் வீட்டுப் பெயரில் இருக்கும். உழுகிறவர் வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரர். மூன்றாவது நான்காவது வருஷம் பலன் தருகிற மூடாக்கை, அடுத்த வருஷம் நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் எதற்குப் போடுவார்? அவரைப் பழமைவாதி என்று சொல்வது அநியாயம்.

இனி நீங்கள் என்ன செய்யலாம்? இருபது சென்ட் மட்டும் எடுங்கள். 60-க்கு 25 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 27,000 குத்து, இருபது சென்ட்டுக்கு 5,400. கையால் குத்தி விதைக்கிற கருவியில் இரண்டு பேர் இரண்டு நாளில் முடிக்கலாம். இதற்காக இயந்திரம் வாங்க வேண்டாம், பஞ்சாப் வீடியோவில் வருகிற விதைப்பான் பெரிய டிராக்டர் கேட்கும். விதை தெரிகிற மாதிரிக் குத்தாதீர்கள், மயில் வரிசை பிடித்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போகும். காலால் மிதித்து மூட வேண்டும்.

மூடாக்குக்கு மக்காச்சோளத் தட்டையை நம்பாதீர்கள். அதை மாட்டுக்குக் கொடுங்கள், ஊர்ப் பகை வேண்டாம். ஆடு மாடு விரும்பாததை வளர்த்து மூடாக்காக்குங்கள். எனக்குக் கை கொடுத்தது கொழுஞ்சி. நம் செவக்காட்டில் தானாக முளைக்கிற அதே ஊதாப்பூச் செடிதான். மாடு வாய் வைக்காது, ஆடு ரொம்பப் பசித்தால் நுனியை மட்டும் கடிக்கும். பயறு இனம் என்பதால் தழைச்சத்தும் சேர்க்கும், அந்த மஞ்சளடிப்பு வராது. கோடை மழைக்கு விதையை மணலோடு தேய்த்துத் தூவினால் புரட்டாசிக்குள் முழங்கால் உயரம் வரும். அரிவாளால் அறுத்து அப்படியே படுக்கப் போட்டு நடுவில் மக்காச்சோளத்தைக் குத்துங்கள். ஜாம்பியாவின் கிழக்கிலும் மலாவியிலும் தரிசில் மண்ணைத் தேற்ற விதைக்கிற டெஃப்ரோசியா இதன் சொந்தக்காரச் செடி. வரப்பில் கிளைரிசிடியா நட்டு வையுங்கள், இரண்டாம் வருஷத்திலிருந்து தழை வெட்டலாம். பற்றாக்குறைக்குச் சிங்கம்புணரியில் நார்க்கழிவு கிடைக்கும், மட்கியதாகப் பார்த்து வாங்குங்கள், பச்சையாக வேண்டாம். ஊடே உளுந்து ஒரு வரிசை. வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்து ரகம் எதுவானாலும் நம் பக்கம் நன்றாக வரும். ஊடே உளுந்து இருக்கும்போது அட்ரசின் கிடையாது, நினைவிருக்கட்டும். சந்தேகம் என்றால் செட்டிநாடு வறண்ட நில ஆராய்ச்சி நிலையமும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும் உங்களுக்குப் பக்கம்தான், ஒரு நடை போய்க் கேளுங்கள்.

மீதி இரண்டு ஏக்கர் எண்பது சென்ட்டில் அப்பா தன் வழக்கப்படி உழட்டும். நடுவில் வரப்பு மட்டும் தெளிவாக இருக்கட்டும், டின் சோதனை பண்ண வசதி.

இதெல்லாம் புரட்டாசி வேலை. அதற்கு முன்னால் பங்குனிக்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பக்கம் கிடை போடுகிற ஆட்டுக்காரர் யார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவரை வீட்டுக்கு அழைத்து மோர் கொடுத்து, மூன்று ஏக்கரில் இந்த இருபது சென்ட்டை மட்டும் விட்டுவிடும்படி கேளுங்கள். பதிலுக்கு மீதிக் காட்டில் கிடைக்கு வழக்கத்தைவிட இரண்டு நாள் கூட வைத்துக்கொள்வதாகச் சொல்லி, கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள். மூன்றாம் பட்டத்திலிருந்து என் காட்டுக்குள் ஆடு வராதது அப்படிப் பேசியதால்தான், முள்வேலியால் இல்லை.